மெயின்டெயினபிள்

இவாஞ்சலின் வக்கீலான கதையை அவளுடைய அப்பா ஜோஷ்வா வாயால் கேட்க வேண்டும். தேனி பஜாரில் அவருக்குப் பாத்திரக்கடை. குக்கர் வாங்க வருகிறவர்களிடம் கேரண்டியைப் பற்றிச் சொன்ன கையோடு, "நம்ம பாப்பா உத்தமபாளையம் கோர்ட்டுல பிராக்டீஸ் பண்ணுது" என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவார். பாப்பா இன்னும் பார் தேர்வில் தேறவில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார். சொல்லமாட்டார் என்ன, அப்படி ஒரு தேர்வு இருப்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது.

இருக்கிறது. சட்டம் படித்து முடித்து, வக்கீலாகப் பெயரைப் பதிந்த பிறகும் ஒரு தேர்வு. நாடு முழுக்க ஒரே நாள், ஒரே மாதிரிக் கேள்விகள், கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் தேறினால்தான் கறுப்புக் கோட்டு தோளில் தங்கும். தமிழிலும் எழுதலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் படித்த பெண், தமிழிலேயே எழுதித் தொலைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. இவள் இங்கிலீஷில்தான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நின்று, முதல் தடவை கோட்டை விட்டாள்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் விஜய்ராஜ். சீனியர் வக்கீல் செல்வமணியிடம் இவளோடு ஜூனியராக இருப்பவன். மதுரையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன். ஒருநாள் சாட்சிக்கு அனுப்பும் சம்மனைப் பற்றிப் பேச்சு வந்தபோது, புத்தகத்தில் கண்ட சொல்லை அப்படியே எழுத்துக்கூட்டி 'சப்போயினா' என்று சொல்லிவிட்டாள். 'சப்பீனா' என்று சொல்ல வேண்டுமாம். யார் கண்டது! விஜய்ராஜ் சிரித்த சிரிப்பில் குமாஸ்தாவும் சேர்ந்துகொண்டார். அவர்கள் இருவரும் அதை அன்று சாயங்காலமே மறந்திருப்பார்கள். இவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு சொல்லுக்கு அர்த்தம் புரியவில்லை என்றால் யாரிடமும் கேட்பதில்லை. புரிந்தது போலத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து போனில் தேடுவாள்.

சொற்களைப் படிப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். இங்கிலீஷ் சொல்லையும் தமிழ் அர்த்தத்தையும் தன் குரலிலேயே போனில் பதிவு செய்து, பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே போவது. நல்ல யோசனைதான். ஒருநாள் வீரபாண்டி தாண்டும்போது காதில் மாட்டியது போனோடு சேரவில்லை. அதை இவள் கவனிக்கவும் இல்லை. "டிசர்ஷன், கைவிட்டுச் செல்லுதல். குருவெல்டி, கொடுமை. இம்பொட்டன்ஸ், ஆண்மையின்மை" என்று இவள் குரலே பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "யாருக்கும்மா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. சின்னமனூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்த முகத்தை அவள் திருப்பவில்லை.

வீட்டிலோ அதற்கு நேர்மாறு; அங்கே எல்லாம் பெருமைதான். மனுவின் கடைசியில் 'இன்ன பரிகாரம் வேண்டும்' என்று கேட்கும் பகுதிக்குப் பிரேயர் என்று பெயர். அதை அவள் படித்துக்கொண்டிருந்ததைக் கேட்ட ஜோஷ்வா, ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரிடமும், "கோர்ட்டுலகூட ஜெபம் இல்லாம மனுவே செல்லாதாம்ல" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். அது வேறு இது வேறு என்று சொல்ல இவளுக்கு மனசு வரவில்லை. அதற்கும் தலையை ஆட்டினாள்.

இப்படியிருக்கும்போதுதான் ராக்கம்மாள் வழக்கு வந்தது. ஓடைப்பட்டிக்காரி. ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் கருத்தக்கண்ணன் வேறொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு, இவளையும் மகளையும் அடித்து அனுப்பிவிட்டான். அண்ணன் ஈஸ்வரபாண்டி வீட்டில் ஒண்டிக்கொண்டு, திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் பெண்டாட்டி பவானி சோறு போடுவாள்; போட்ட சோற்றுக்கு நாலு வார்த்தையும் சேர்த்துப் போடுவாள். ராக்கம்மாள் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டிருந்தாள். இந்த மனு இந்தக் கோர்ட்டில் நடக்கவே கூடாது என்று புருஷன் தரப்பு ஆட்சேபித்தது. அதற்குச் செல்வமணி பதில் வாதம் செய்தபோது எல்லாமே கடகடவென்று இங்கிலீஷில் போனது. இவாஞ்சலின் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

உத்தரவு சொல்லும் நாளன்று செல்வமணிக்குத் தேனியில் வேலை. "நீ போய் நின்னு கேட்டுட்டு வாம்மா" என்று அனுப்பினார். மாஜிஸ்திரேட் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "பெட்டிஷன் இஸ் மெயின்டெயினபிள்." அடுத்த வாய்தா தேதியைச் சொன்னதும், எதிர்த்தரப்பு வக்கீல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார்.

இவாஞ்சலினுக்கு அந்தச் சொல் புதிது. ஆனால் முந்தின வாரம்தான், 'ஏபிள்' என்று முடியும் சொற்களைப் பற்றி யூடியூபில் ஒரு பாடம் கேட்டிருந்தாள். பெயில் என்றால் ஜாமீன். பெய்லபிள் என்றால் ஜாமீன் கொடுக்கத்தக்கது. பே என்றால் கொடு. பேயபிள் என்றால் கொடுக்கத்தக்கது. மெயின்டனன்ஸ் என்றால் ஜீவனாம்சம். அப்படியானால் மெயின்டெயினபிள், ஜீவனாம்சம் கொடுக்கத்தக்கது. கணக்கு சரியாகத்தானே வருகிறது? யாரையும் கேட்காமல் தானாகவே புரிந்துகொண்டுவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்துபோனது அவளுக்கு.

வராண்டாவில் நின்ற ராக்கம்மாள் ஓடி வந்தாள். "என்ன வக்கீலம்மா, ஐயா என்ன சொன்னாக?"

"ஜெயிச்சாச்சுக்கா. மெயின்டெயினபிள்னு சொல்லிட்டாங்க. ஜீவனாம்சம் குடுக்கணும்னு அர்த்தம். எவ்வளவுன்னு அடுத்த வாய்தாவுல சொல்லுவாங்க."

ராக்கம்மாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் இவாஞ்சலின் சீனியரிடம், "மெயின்டெயினபிள்னு ஆர்டர் ஆயிருச்சு சார்" என்றாள். "ஆகும்னு நான் சொன்னேன்ல" என்றார் அவர். அதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் தேர்வுக்கான மாதிரிக் கேள்விகளைப் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெயின்டெயினபிள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு கேள்வி. கொஞ்சமும் யோசிக்காமல் ஜீவனாம்சம் என்ற விடையை அமுக்கினாள். தவறு என்று சிவப்பாக விழுந்தது. மனு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது, அவ்வளவுதான் பொருள் என்று கீழே விளக்கம் வந்தது. மறுபடி மறுபடி படித்தாள். படிக்கப் படிக்க அர்த்தம் மாறவா போகிறது! ராக்கம்மாள் ஜெயிக்கவில்லை. அவளுடைய வழக்கு இனிமேல்தான் ஆரம்பிக்கவே போகிறது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது இவளுக்கு.

உடனே ராக்கம்மாளுக்குப் போன் போட்டாள். இவள் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். "வக்கீலம்மா, நான் தனியா ஒரு வீடு புடிச்சு வந்துட்டேன். இனிமே உங்க சோறு வேண்டாம்னு மதினிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புட்டேன். வார்த்தை ரொம்பத் தடிச்சுப்போச்சு. போகட்டும், எத்தனை நாளைக்குப் பொறுக்க? மெயின்டெயினபிள்னு ஐயாவே தீர்ப்புச் சொல்லிட்டாகன்னு சொன்னேன். வாயடைச்சுப் போனாக!"

இவாஞ்சலின் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாமல் ஓடைப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். உண்மையைச் சொல்வதற்காகப் போனாள் என்று நினைத்துவிட வேண்டாம். வழி நெடுக ஒரு பொய்யைத்தான் தயார் செய்துகொண்டு போனாள். புருஷன் மேல்கோர்ட்டுக்குப் போய் ஸ்டே, அதாவது தடையுத்தரவு, வாங்கிவிட்டான் என்று சொன்னால் போதும். பழி அவன்மேல் போய்விடும். அவன் ஒன்றும் உத்தமன் இல்லையே. யாருக்கும் தெரியவும் போவதில்லை. கேவலம்தான், கேவலம் என்று தெரிந்தேதான் அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்தாள்.

ராக்கம்மாளின் புது வீடு ஒரே ஒரு அறை. மூலையில் அடுப்பு, கொடியில் மகளின் பள்ளிச் சீருடை. உட்காரப் பாயை விரித்துப் போட்டு, ஒரு தட்டு நிறையத் திராட்சையைக் கழுவி வைத்தாள். அவள் முகத்தில் இருந்த தெளிச்சியைப் பார்க்கவே இவாஞ்சலினுக்குக் கூசியது.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு மேல்கோர்ட்டுல ஸ்டே வாங்கிட்டாரு."

"ஸ்டேன்னா என்னம்மா? எனக்கு இதெல்லாம் தெரியாதுல்ல, வெவரமாச் சொல்லுங்க."

எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள்! தெரியாது என்று சொன்னதில் அவளுக்கு ஒரு குறைச்சலும் வந்துவிடவில்லை. கையில் எடுத்த திராட்சை இவாஞ்சலினுக்கு வாய்க்குப் போகவில்லை.

"பொய்க்கா. ஸ்டே ஒண்ணும் இல்ல. அன்னைக்கு அந்த ஐயா சொன்னது ஜீவனாம்சம் இல்லக்கா. கேஸை நடத்தலாம்னுதான் சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. நானா ஒண்ணை நினைச்சுக்கிட்டு உங்ககிட்டச் சொல்லிட்டேன்."

ராக்கம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இப்ப நான் மதினிட்டப் போயி என்னன்னு சொல்ல?" என்றாள்.

"நான் வந்து சொல்றேன்க்கா."

நினைத்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு பின்வாங்க முடியவில்லை. இரண்டு தெரு தள்ளி ஈஸ்வரபாண்டி வீடு. வாசல் நிழலில் உட்கார்ந்து பவானி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, மகாராணிக்கு இங்கன என்ன சோலி?" என்றாள் ராக்கம்மாளைப் பார்த்து.

இவாஞ்சலின் முன்னால் போனாள். "அவங்க மேல தப்பில்லைங்க. நான்தான் வக்கீல். கோர்ட்டுல இன்னும் விசாரணையே ஆரம்பிக்கல. நான்தான் ஜெயிச்சாச்சுன்னு தப்பாச் சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து ஈஸ்வரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்தான். தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"வக்கீலுக்குப் படிச்ச பிள்ளைக்குக் கோர்ட்டுல சொன்னது புரியலையாக்கும்?" என்றாள் பவானி.

"புரியலைங்க."

"புரியலைன்னா அங்கனயே யாருகிட்டயாவது கேக்க வேண்டியதுதான?"

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

குடத்தோடு நின்றவர்களில் ஒருத்தி சிரித்தாள். இவாஞ்சலினுக்குக் காது இரண்டும் கொதித்தன. உன் வெட்கத்துக்கு ஒருத்தியை வீட்டைவிட்டுக் கிளப்பினாயா என்று யாரும் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள்.

பவானி ஒரு வாரமாக நாத்தனாருக்கென்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அவை எல்லாம் வாய்வரைக்கும் வந்திருந்தன. ராக்கம்மாள் தலையை நிமிர்த்தாமல் நின்றதைப் பார்த்தாள். வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன்டி ராக்கு, பிள்ளை காலையில சாப்பிட்டுச்சா?"

"இன்னும் இல்ல மதினி. அங்கன தெருவுல வெளையாடுது."

"போயி கூட்டிட்டு வரலாம். மொத நீ உள்ள வா."

ராக்கம்மாள் படியேறினாள். அப்பாடா என்று இவாஞ்சலினுக்கு மூச்சு வந்தது. அவளும் பின்னால் போக ஒரு செருப்பைக் கழற்றினாள்.

"நீ வாடி. அந்தம்மா அங்கனயே நிக்கட்டும்" என்றாள் பவானி.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு இவாஞ்சலின் தெருவிலேயே நின்றாள்.