குதிகாலுக்கு ஒரு தரை

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடி இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வரக்கூடாது. குதிகாலில் முள் ஏறி உள்ளேயே முறிந்ததுபோல வலிக்கும். எங்கள் வீட்டுத் தரை பழைய சிவப்பு சிமெண்டு. விடிகாலையில் ஐஸ். உத்திரமேரூர் டாக்டர், "வீட்டுக்குள்ளயும் மெத்துனு செருப்பு போட்டுக்கோங்கம்மா" என்றார். நல்லா சொன்னார்! சாமி படம் மாட்டிய கூடத்தில் செருப்புக் காலோடு நடப்பேனா? செத்தாலும் மாட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலிலேயே நடந்தேன்.

என் வீட்டுக்காரர் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். நான் நொண்டுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஒருநாள் குட்டி யானை வண்டியில் பலகைக் கட்டுகளோடு வந்து இறங்கினார். ஏதோ ஆபீசுக்குப் போட்டு மிஞ்சியதாம், மலிவாம். மேலே பார்க்கத் தேக்கு. உள்ளே அழுத்திய மரத்தூள்.

"பழைய தரைய ஒடைக்க வோணாம், பசை வோணாம், ஆணி வோணாம். ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கினு சும்மா மேல படுத்துக் கெடக்கும்" என்றார்.

"படுத்துக் கெடக்கத்தான் நீ கீறியே, தரையும் வேறயா?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிமெண்டின்மேல் மெல்லிய ஃபோம் விரித்து, பலகைகளைச் சாய்த்து மாட்டி, கட்டை வைத்துத் தட்டினார். சுவரோரம் சுண்டுவிரல் அகலம் இடம் விட்டதைப் பார்த்து எனக்கு வந்ததே கோபம்!

"இன்னாய்யா இது, பூரான் குடித்தனம் பண்றதுக்கா?"

"வெயிலுக்கு விரியும்டி, எடம் வுடணும்" என்று சொல்லி, மேலே மெல்லிய மரப் பட்டை அடித்து அந்த இடைவெளியை மறைத்தார்.

மறுநாள் காலை முதல் அடி வைத்தேன். வலித்தது, ஆனால் பொறுக்கிற வலி. சில வாரங்களில் சுவரைப் பிடிப்பதையே மறந்துவிட்டேன். சந்தோஷம் தாங்காமல் காரியமே இல்லாமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒரே குறை வெள்ளிக்கிழமை. வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் எனக்கு விளக்கேற்ற மனசு வரும். "தண்ணி பட்டா பலக ஊறிப்பூடும். பிழிஞ்ச துணியில தொடச்சிடு" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டே துடைத்தேன்.

அப்புறம் தம்பி மனைவிக்கு வளைகாப்பு என்று மானாம்பதியில் அம்மா வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் போன் போட்டு அவரிடம், "வெளக்காச்சும் ஏத்துய்யா" என்றேன். மாலையில் அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு பெருமை.

"வெளக்கு மட்டுமா? உனக்குப் புடிக்குமேன்னு வூட்டையே கழுவி வுட்டுட்டேன். பக்கெட்டு பக்கெட்டா ஊத்தி, மஞ்சள்கூட கலந்து."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் துடைப்பத்தைத் தொடாத மனுஷன்!

"எந்தத் தரையய்யா கழுவுன?"

 "ஐயையோ" என்றார்.

நான் வந்து பார்த்தபோது பலகைகள் மூட்டுக்கு மூட்டு உப்பிக் கிடந்தன. இனி காலுக்குப் பழைய சிமெண்டுதானா என்று நினைத்துக்கொண்டே ஒரு பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தேன். திட்ட வாயைத் திறந்தேன். அவர் முழித்த முழியைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது.

ஒட்டாத தரையாயிற்றே, ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஊறியதைத் தூக்கிப் போட்டார், தப்பித்ததைக் காயவைத்தார். கூடத்துக்குப் போதவில்லை. கட்டிலிலிருந்து அடுப்புவரை மூன்று பலகை அகலத்துக்கு ஒரு பாதை போட்டு, ஓரத்துக்குப் பட்டை அடித்துக் கொடுத்தார். அதன்மேல் இப்போது நான் ராணி மாதிரி நடக்கிறேன். வெள்ளிக்கிழமை மற்ற இடத்தைச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டு, ஓரம் நனையாமல் கழுவிக்கொள்கிறேன்.

இந்த மார்கழியில் ஒருநாள் விடிகாலை, அவர் பாதையை விட்டு இறங்கி, சில்லிட்ட சிமெண்டில் வெறுங்காலோடு போவதைப் பார்த்தேன்.

"பலக மேலதான் நடந்தா இன்னாய்யா?"

"நான் வேற நடந்தா சீக்கிரம் தேஞ்சிடும்டி. மாத்தறதுக்கு வேற பலக இல்ல" என்று சொல்லிவிட்டு, சிமெண்டிலேயே நடந்து போனார்.