பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன போர்

சீனச் சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. பனியில் கறுத்துச் செத்துப்போன விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டு, இனி பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற சாலையில்தான் எங்கள் ஊர். அங்கே எல்லோரும் குண்டு பட்டுப் போன விரல்கள் என்றே நினைத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒருவர் கேட்டார், "குண்டு உள்ளயே இருந்துச்சா, வெளிய பூடுச்சா?" நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். பொய் அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தது.

அப்பாவை நைனா என்போம். அவருக்கு மானாவாரி நிலம், மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை போடுவார். அந்தக் காலை வைத்துக்கொண்டு என்னால் ஏர் பின்னால் நடக்க முடியவில்லை. செஞ்சி பஜாரில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் சேர்ந்தேன். மண்வெட்டி, தாம்புக் கயிறு, வாளி, ஆணி விற்கிற கடை. முதலாளி நல்லவர். என்னை வேலைக்காரன் மாதிரி நடத்தவில்லை. "நம்ம கடைப் பையன், சீனாக்காரனோட சண்டை போட்டு வந்தவன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். எதையாவது சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு வரி சொன்னேன். பிறகு அது வளர்ந்தது. ஒரு மலைமுகட்டில் நாங்கள் நாலு பேர், விடியும்வரை சுட்டுக்கொண்டே இருந்தோம், என் பக்கத்தில் இருந்த திருநெல்வேலிப் பையன் நெஞ்சில் குண்டு பட்டு விழுந்தான் என்று சொன்னேன். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். கதையைச் சொல்லும்போது நிம்மதியாக இருக்கும். சொல்லாத நேரத்தில், கடைக்குப் பின்னால் யாராவது இரும்புப் பட்டையைக் கீழே போட்டால் வாடிக்கையாளர் மேல் எரிந்து விழுவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவேன், ஆனால் சாமியார் கொடுக்கிற அப்பத்தை, நன்மையை, வாங்க எழுந்து போக மாட்டேன். அம்மா அதைக் கவனித்தாள். ஒருநாள் கேட்டாள், "ஏன்டா, சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணா ஆச்சு. இன்னா உனக்கு?" நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன்.

செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் கடைக்கு வந்து, பிள்ளைகளிடம் வந்து பேச வேண்டும் என்று கேட்டார். முதலாளி அன்றைக்கு எனக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார். இருநூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது. "அதோ அந்த மலையை ஒண்ணுமேல ஒண்ணா பத்து அடுக்கினா எவ்ளோ உயரம், அந்த உயரத்துல நின்னோம்" என்றேன். பிள்ளைகள் ஆவென்று பார்த்தார்கள். பிறகு நாலு பேர் கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

அந்தக் கூடத்தில் அன்று கரண்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. ஏணிமேல் ஒருவன் நின்று கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். நான் பேச ஆரம்பித்ததும் வேலையை நிறுத்திவிட்டு, ஏணியில் நின்றபடியே முழுவதையும் கேட்டான். கூட்டம் கலைந்ததும் இறங்கி வந்தான். என் வயதுதான் இருக்கும்.

"நல்லாப் பேசின" என்றான். பிறகு என் பட்டாளம் எது என்று கேட்டான். சொன்னேன். "நானும் அதுலதான். வேற கம்பெனி. சீயமங்கலம் பக்கம் என் ஊரு." கொஞ்சநேரம் கையில் இருந்த கம்பியைச் சுற்றினான். "நீ சொன்ன மாதிரி நம்ம ஆளுங்க நின்னிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

எனக்கு முகம் எரிந்தது. அவன் என்னைக் கேலி செய்யவில்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

மதியம் இருவரும் கோட்டைக்குள் செட்டிக்குளத்துப் படியில் போய் உட்கார்ந்தோம். அவன் கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பாதி எனக்குக் கொடுத்தான். அங்கேதான் முதல்முறையாக நடந்ததைச் சொன்னேன். ஒரு குண்டுகூட நான் சுடவில்லை. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது, நடந்தோம். ஏழு நாள் காட்டில் நடந்தோம். காலில் வெறும் கேன்வாஸ் ஜோடு, சோறு கிடையாது. மூன்றாம் நாள் பாரம் தாங்காமல் துப்பாக்கியை ஓடையில் போட்டேன். ஐந்தாம் நாள் திருநெல்வேலிப் பையனால் எழுந்திருக்க முடியவில்லை. மரத்தடியில் உட்கார வைத்து, ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன், திரும்பிப் போகவே இல்லை.

"போர்வை?" என்று கேட்டான் அவன்.

எங்கள் இருவருக்கும் ஒரே போர்வைதான் மிச்சம் இருந்தது. "அவனே குடுத்தான்" என்றேன். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானே சொன்னேன், "இல்ல. நான்தான் எடுத்தேன். பாத்துக்கினே இருந்தான்."

"உம்" என்றான். அவ்வளவுதான். அதன்பிறகு அவனும் பேசினான். அவன் என்ன சொன்னான் என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. வீட்டில் அவன் யாரோடும் பேசுவதே இல்லை, பெண்டாட்டி அவனை ஊமை என்றே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள் என்பதை மட்டும் சொல்கிறேன். ஊரெல்லாம் நான் பேசிக்கொண்டே இருந்தேன், வீட்டில் அவன் வாயே திறக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் படியில் எனக்குத் தோன்றியது.

செஞ்சியில் அவனுக்கு வேலை இருந்தவரை வாரம் ஒருமுறை சந்தித்தோம். நாலைந்து மாதம் போனபிறகு, மணிலாக்கொட்டை பிடுங்குகிற ஒரு காலையில், எங்கள் நிலத்தில் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செடியை உதறுவதை நிறுத்தவில்லை. உயிரோடு வந்தாயே, அது போதும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

"அந்தப் பையனுக்குப் பெத்தவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க நைனா."

"அப்ப என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவங்களுக்கு எழுது."

விலாசம் எனக்கு மனப்பாடம். திருநெல்வேலிப் பையனுக்கு எழுதத் தெரியாது, அவன் வீட்டுக்குப் போன கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதை யோசிக்காமல் எழுதி அனுப்பிவிட்டேன். அவன் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. உறைமேல் அதே கையெழுத்தைப் பார்த்ததும் தம்பியிடமிருந்துதான் கடிதம் என்று அம்மா தெருவுக்கே ஓடி வந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. கடைசியில் ஒரு கேள்வி. தம்பி பசியாக இருந்தானா என்று அம்மா கேட்கச் சொல்கிறார்கள்.

ஆமாம் என்று எழுதினேன். முதல் கடிதத்தில் எழுதாமல் விட்ட போர்வை விஷயத்தையும் இந்த முறை எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. பல மாதம் தபால்காரர் கடையைத் தாண்டிப் போகும்போது தலை தூக்கிப் பார்ப்பேன். பிறகு பார்ப்பதை விட்டேன்.

அடுத்த ஆண்டும் தலைமை ஆசிரியர் வந்து கூப்பிட்டார். வருகிறேன், ஆனால் போன தடவை சொன்னது நடக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளைகளுக்கு அது எதுக்குப்பா?" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி கல்லாவில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் எப்போதும்போல இரண்டு டீ வரவழைத்து ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். வாடிக்கையாளர்களிடம் என்னைப்பற்றிச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ண முழங்கால் போட்டேன். இரும்புச் சத்தம் கேட்டால் இப்போதும் திடுக்கிடுவேன். ஆனால் யார்மேலும் எரிந்து விழுவதில்லை.