பெண் பார்க்க வந்தவர்கள் காத்திருந்தார்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம். அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் என் வேலையைப் பற்றிக் கேட்டதுமே பின்வாங்கியிருந்ததால், அப்பா தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

நான் பெங்களூரில், விண்வெளிக்குப் போகப்போகும் கேமரா ஒன்றைச் சோதிக்கும் குழுவில் இருக்கிறேன். ஒரு நட்சத்திரத்தைக் கிரகம் சுற்றினால் அந்த நட்சத்திரம் துளியூண்டு அசையும். அதைக் கண்டுபிடிக்க, கேமரா சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் சரியாக எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். சென்சாரை நன்றாகக் குளிரவைத்து, லேசர் ஒளியைக் கோடு கோடாக விழவைத்து, வாரக்கணக்கில் அளப்போம். நடுவில் குளிர் மாறினால் அத்தனையும் வீண்.

காபித் தட்டை நீட்டும் நேரத்தில் ஆய்வகத்திலிருந்து தோழி போன் செய்தாள். குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிட்டதாம். சூடு மளமளவென்று ஏறினால் சென்சாரே விரிசல் விட்டுவிடும்.

"மன்னிச்சுக்குங்க, ஆபீஸ்ல அவசரம்" என்று சொல்லிவிட்டு, பட்டுப்புடவையோடு உள்ளறையில் லேப்டாப் முன் உட்கார்ந்து, ஆய்வகக் கருவிகளை அங்கிருந்தே இயக்கத் தொடங்கினேன். வெளியே அம்மா ஏதேதோ சொல்லிச் சமாளிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

சென்சாரைக் காப்பாற்றிவிட்டோம். எடுத்த அளவுகள் எல்லாம் போயின. கதவைத் திறக்க ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். கிளம்பியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் அப்படியே இருந்தார்கள். பஜ்ஜியைக்கூட யாரும் தொடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். "சரியாச்சாம்மா?"

பெண் பார்க்க வந்த யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "இல்லீங்க" என்றதுமே, அத்தனை பேர் முன்னால் அழுகை வந்துவிட்டது.

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "மறுபடியும் செய்யலாமில்ல?"

"செய்யலாங்க. மொதல்லேர்ந்து செய்யணும்."

"அப்ப செஞ்சிக்கலாம். அறுப்பு மெஷின் வயல்ல நிக்கறப்ப வீட்டுக்கு ஆளு வந்தா, நாங்களும் அவங்கள விட்டுட்டு வயலுக்கு ஓடத்தான செய்வோம்." பிறகு என் அம்மாவிடம் திரும்பி, "காபிய சூடு பண்ணுங்க, எல்லாருமா குடிக்கலாம்" என்றார்.

அப்பா அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த வீட்டுக்குத்தான் மருமகளாகப் போனேன். அந்தச் சோதனையை மறுபடி செய்து முடித்த அன்று, கணவருக்கு முன்னால் அத்தைக்குத்தான் போன் போட்டேன். "அந்தக் கிரகத்துல யாருனா இருக்காங்களா?" என்று கேட்டார். கேமரா இன்னும் மேலே போகவே இல்லை என்றேன். "சரி, போறப்ப சொல்லு."

என் வேலை என்னவென்று அத்தைக்கு இன்றும் முழுசாகப் புரியாது. ஆனால் ஏதாவது சறுக்கும் நாளில் எல்லாம், எனக்காக அத்தனை பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால், மறுநாள் முதலிலிருந்து தொடங்கத் தெம்பு வந்துவிடுகிறது.