சவக்கிடங்கு நண்பர்களும் ஒரு நெளி மோதிரமும்

புருவ நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் பெண்ணின் நெற்றிக்கு மேல் குனிந்து நிற்கும்போதுதான் ஷமீம் பானு பெரும்பாலும் ஆளைக் கொல்கிறாள். வெளியே நூல் விர்ரென்று முடியைப் பிடுங்கும். அவள் மண்டைக்குள் ஒரு தொழிலதிபர் மாடிப்படியில் உருண்டுகொண்டிருப்பார். கண்ணோரம் நீர் கசியும் வாடிக்கையாளரிடம், “ஆச்சும்மா, ஆச்சு, இன்னும் கொஞ்சந்தான் இருக்குது” என்பாள். சொன்னது புருவத்தையா தொழிலதிபரையா என்பது சில சமயம் அவளுக்கே தெரியாது.

சின்ன காஞ்சிபுரத்தில், சேலை வாங்க வருகிறவர்களைப் புரோக்கர்கள் வழிமறிக்கும் தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது ‘ரூக்ஷார் அழகு நிலையம்’. ரூக்ஷார் அவள் மகள். கல்யாணமாகி ஆம்பூரில் இருக்கிறாள். அந்த மாடியிலிருந்துதான் பானு, கைபேசியில் கதை படிக்கும் செயலி ஒன்றுக்கு, ‘கருக்கருவாள்’ என்ற பெயரில் வாராவாரம் குற்றத்தொடர் எழுதுகிறாள். பெயரைப் பார்த்து மீசைக்காரர் என்று நம்பும் வாசகர்கள் ‘அண்ணே, மிரட்டிட்டீங்க’ என்று எழுதுவார்கள். “அண்ணனாவே இருந்துட்டுப் போறேன். அக்கான்னு தெரிஞ்சா பிரியாணிக்கு எம்மாம் தண்ணி ஊத்தணும்னு கேப்பானுங்க” என்பது அவள் வாதம்.

தென்னேரி ஏரியில் அவள் இதுவரை மிதக்கவிட்ட பிணங்களை நிஜமாகவே போட்டிருந்தால் மதகு அடைத்துக்கொண்டிருக்கும். முசரவாக்கத்துப் பக்கம் ஒரு பாழடைந்த ரைஸ் மில்லைக் கற்பனையில் கட்டி, அதில் கதாநாயகிகளைக் கட்டிப்போடுவதையே வழக்கமாக வைத்திருக்கிறாள். முசரவாக்கத்துக்காரர்கள் அவள் கதையைப் படிப்பதில்லை. அது இரு தரப்புக்கும் நல்லது. ஆனால் வீட்டில் ஒரு கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொள்வாள். வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் கணவர் ஷரீஃப் துடைப்பத்தோடு வருவார். “ஊருல இருக்கிறவனையெல்லாம் சாவடிக்கிறா, ஒரு பூச்சிக்கு என்னக் கூப்புடுறா” என்று அந்தப் பூச்சியிடமே முறையிடுவார்.

அவளுக்கு வாய்த்த நண்பர்களும் கொலைகாரர்கள்தான். ‘சவக்கிடங்கு’ என்பது குற்றக்கதை எழுதுகிறவர்களின் வாட்ஸப் குழு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விடிந்ததும் அங்கே முதலில் வந்து விழுவது பனித்துளி வைத்த ரோஜாப்பூ. அனுப்புகிறவர் திண்டிவனம் தேவேந்திரன், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், பூட்டிய அறைக்குள் கொலை நடத்துவதில் தேர்ந்தவர். ரோஜாவுக்கு எல்லோரும் கும்பிடு போட்டு முடித்ததும் வேலூர் ஷாரோன் வருவாள். பிழைப்புக்குக் கணக்கு டீச்சர், எழுத்தில் விஷம். “பாயசத்துல விஷம் கலந்தா நெய் வாசன மறைச்சிடுமா, யாருக்காச்சும் தெரியுமா” என்று வகுப்புக்குப் போகும் அவசரத்தில் கேட்டுவிட்டுப் போவாள். தெரியாத எல்லோரும் பதில் சொல்வார்கள். கடைசியில் குழுவின் தலைவர் அம்பத்தூர் ஜெயக்குமார் தீர்ப்பு வழங்குவார். அவர் படைத்த போலீஸ் அதிகாரி, செருப்பின் தேய்மானத்தைப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவான். அந்தத் திறமை தனக்கும் உண்டு என்று ஜெயக்குமார் நம்பினார்; மற்றவர்களும் பெருந்தன்மையாக நம்பினார்கள்.

கழுத்தை அறுக்கத் தயங்காத இவர்கள் மனசு மட்டும் அனிச்சம்பூ. நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால் மூன்று நாள் பேச மாட்டார்கள். என்றாலும், ஷரீஃபுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பானுவுக்குத் துணை இருந்தது இந்தக் கும்பல்தான். சொந்தக்காரர்கள் ஒரு தடவை வந்து, மண்டிக்காரருக்கே வாழைப்பழம் வாங்கி வைத்துவிட்டுப் போனார்கள். தேவேந்திரனோ தான் எழுதிக்கொண்டிருந்த கொலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, “டாக்டர் வெளிய வந்தாராம்மா? நீ எதனா சாப்ட்டியா?” என்று சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

போன தை மாதம் சவக்கிடங்கு நேரில் கூடுவதென்று முடிவாயிற்று. கோயிலும் ஆச்சு, சேலையும் ஆச்சு என்று காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘கண்டிப்பாக வருகிறோம்’ என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் ஏராளம். வந்தவர்கள் தேவேந்திரன், ஷாரோன், ஜெயக்குமார். மூவரும் காலையில் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தார்கள். செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்லும் ஜெயக்குமார் மட்டும், படிக்கட்டு இருப்பதைப் பார்க்காமல் கீழே ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, வேண்டாத ஒரு சேலையோடு மேலே வந்தார்.

பானு அன்றைக்கு நிலையத்துக்கு விடுமுறை விட்டிருந்தாள். டீ கொடுத்தாள். மதியம் பிரியாணி, தேவேந்திரன் கறி சாப்பிடாதவர் என்பதால் அவருக்கு மட்டும் வெளியிலிருந்து சாப்பாடு. முகத்துக்கு முகம் பார்த்ததும் முதலில் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஷாரோன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே குழுவில் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிய பிறகுதான் சகஜமானார்கள்.

“அக்கா, வந்ததே வந்தேன், கைக்கு எதனா பண்ணிவுடுங்களேன்” என்றாள் ஷாரோன். பானு அவள் கைகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஸ்க்ரப்பும் க்ரீமும் போட்டுத் தேய்த்து, நகத்தைத் திருத்தினாள். ஆரம்பிக்கும் முன் ஷாரோன் தன் நெளி மோதிரத்தைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் இருந்த பலகையில் வைத்தாள். முடித்துத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மோதிரம் இல்லை.

குனிந்தார்கள், பாயைத் தூக்கினார்கள், துண்டை உதறினார்கள். “வீட்ல கேப்பாங்களே அக்கா” என்று ஷாரோனின் குரல் இறங்கியது. ஜெயக்குமாரின் குரல் மட்டும் ஏறியது. அதில் பல வருஷம் காத்திருந்தவரின் சந்தோஷம் இருந்தது.

“ஒரு நிமிஷம். யாரும் வெளிய போவாதீங்க. மூடின ரூமு, உள்ள நாம நாலே பேரு. ஷாரோன் கை தண்ணில இருந்துது, பானு கை ஷாரோன் மேல இருந்துது, நான் அந்தாண்ட கோடில போன் பேசிக்கினு இருந்தேன். கண்ணாடி கிட்ட நின்னது யாரு?”

“நாந்தான்பா. தல வாரினேன்” என்றார் தேவேந்திரன்.

“வார்றதுக்கு இன்னா சார் இருக்குது அங்க?”

ஷாரோன் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தேவேந்திரனைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையைப் பானு கவனித்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார்” என்றார் ஜெயக்குமார். “சும்மா ஒரு முறைக்கு. பாக்கெட்ட மட்டும் காட்டிடுங்க.”

பெரியவர் எழுந்து நின்றார். கைக்குட்டை வந்தது. சர்க்கரை மாத்திரை அட்டை வந்தது. கசங்கிய பஸ் டிக்கெட் வந்தது. கடைசியாகக் காகிதத்தில் மடித்த ஒரு பாதுஷா, மதியம் இலையில் பானு வைத்தது. “பேத்திக்கும்மா” என்றார், பானுவை மட்டும் பார்த்து. பிறகு இரண்டு பாக்கெட்டுகளையும் உட்புறம் வெளியே வரும்படி இழுத்துவிட்டார். வேட்டி கட்டும் மனுஷர், ஊருக்கு வருகிறோமென்று பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைத் துணி இரண்டு பக்கமும் தொங்க, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“சட்டப் பாக்கெட்டு?” என்றார் ஜெயக்குமார்.

“போதும் வுடுங்க சார்” என்றாள் பானு. “நாந்தான் எடுத்தேன்.”

மூவரும் திரும்பினார்கள். அவள் சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

“வெளையாட்டுக்குத்தான்பா. இம்மாம் பெரிய ஆளுங்க வர்றீங்களே, ஒரு கேசு குடுத்துப் பாக்கலாம்னு நெனச்சேன். ஒருத்தரும் கண்டுபுடிக்கல பாத்தீங்களா. இருங்க, எடுத்தாறேன்.”

திரைக்குப் பின்னால் போனாள். தன் விரலிலிருந்த நெளியைத் திருகினாள். க்ரீம் பிசுபிசுப்பில் அது சிரமமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. நெளி மோதிரத்தில் ஒரு வசதி, ஊரில் எல்லோர் கையிலும் ஒரே அச்சில்தான் இருக்கும்.

ஷாரோன் போட்டுப் பார்த்தாள். “கொஞ்சம் லூசா இருக்குதே அக்கா.”

“சுடுதண்ணில ஊறுச்சில்ல, வெரல் எளச்சிருக்கும்.”

சுடுதண்ணீரில் ஊறினால் விரல் உப்பத்தான் செய்யும் என்று குற்றவியல் மேதைகள் நிறைந்த அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. “எனக்கு அப்பவே ஒரு டவுட்டு இருந்துது” என்று ஜெயக்குமார் வழக்கை முடித்துவைத்தார். தேவேந்திரன் பாக்கெட்டுகளை மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டு, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தானும் சிரித்தார்.

அந்த வாரம் முழுக்கச் சவக்கிடங்கில் இதே பேச்சு. ஜெயக்குமார் விமர்சனம் எழுதினார்: குற்றவாளி தானாக முன்வந்து ஒப்புக்கொள்வது பலவீனமான முடிவு, நோக்கம் தெளிவாக இல்லை, வாசகனை ஏமாற்றும் வேலை. வராதவர்கள் அதை ஆமோதித்தார்கள். “அடுத்த தபா நல்லா பண்றேன் சார்” என்று பானு கும்பிடு போட்டாள். ஷரீஃப் அவள் விரலைப் பார்த்து, “நெளி எங்க?” என்றார். “கதைக்குத் தேவப்பட்டுது” என்றாள். மேற்கொண்டு கேட்டால் முழுக்கதையும் சொல்வாள் என்பதால் அவர் மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

தேவேந்திரன் சில நாள் குழுப் பக்கமே வரவில்லை. அப்புறம் அவளுக்குத் தனியாக ஒரு குரல்பதிவு அனுப்பினார். பின்னணியில் பேத்தி ஏதோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு நீ டீ குடுக்கறப்ப உன் வெரல்ல நெளி இருந்துதும்மா. கெளம்பறப்ப இல்ல. நான் யாருக்கும் சொல்லல.”

பானு அதை இரண்டு தரம் கேட்டாள். “கண்ணாடிய மாத்துங்க சார், தப்பா பாத்திருக்கீங்க” என்று தட்டி அனுப்பினாள். பெரியவர் பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

அடுத்த முகூர்த்த மாதம் பிறந்து, ஒரு கல்யாணப்பெண்ணின் கைக்குப் பூச ஸ்க்ரப் டப்பாவைத் திறந்தபோது விரலில் ஏதோ இடறியது. கரகரப்பான அந்தப் பசைக்குள்ளிருந்து ஷாரோனின் நெளி வந்தது. அன்றைக்கு யாருடைய முழங்கையோ இடித்து உள்ளே விழுந்திருக்க வேண்டும். அநேகமாக அவளுடையதேதான்.

கைபேசியை எடுத்து ஷாரோனின் பெயர் வரை போனாள். சொன்னால் விளையாட்டு விளையாட்டில்லை என்று ஆகிவிடும். ஜெயக்குமார் வழக்கைத் திரும்ப எடுப்பார், அந்த அறையில் அன்றைக்கு நடந்தது என்ன என்று வரிவரியாக எழுதுவார். அதில் தேவேந்திரனின் பாக்கெட்டும் வரும். கைபேசியை வைத்துவிட்டாள்.

“அக்கா, இன்னா ஆச்சு?” என்றாள் நாற்காலியில் சாய்ந்திருந்த கல்யாணப்பெண்.

“ஒண்ணுமில்லம்மா. கண்ண மூடிக்கோ.”

குழாயடியில் மோதிரத்தைக் கழுவினாள். அது அவள் அளவுக்குச் சிறிது. விரலில் சோப்பைக் குழைத்து, மோதிரத்தை மூட்டில் வைத்து அழுத்தினாள். மூட்டு சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, திருகித் திருகி, அதை உள்ளே ஏற்றினாள்.