இரும்புக் காரின் ரப்பர் குழாய்

அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளின் குண்டுக்கு மட்டும்தான் பயம். தன் பழைய காரைச் சுற்றி இரும்புத் தகடு அடித்தார். கண்ணாடி இருந்த இடத்தில் தபால்பெட்டி வாய் மாதிரி ஒரு சந்து. கதவைத் திறக்க உள்ளே ஒருவர் தள்ள, வெளியே ஒருவர் இழுக்கவேண்டும். அப்புறம் அவர் புதுக் கார் வாங்கிக்கொண்டார். இரும்புக் கார், தோட்டத்து ஆபீசில் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியின் பொறுப்புக்கு வந்தது. அதைப் பகாவ், சிரம்பான் டவுன்களுக்கு ஓட்டிய மகராசன் என் வீட்டுக்காரர்.

குண்டு ஒன்றும் வரவில்லை. பெட்ரோல்தான் வந்தது. இஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வயதாகி வெடிப்பு விட்டு, சூட்டின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் அந்த நாற்றம் போகாது. தீப்பிடித்தால் அந்தக் கதவை இழுக்க நடுக்காட்டு ரோட்டில் யார் நிற்கிறார்கள்?

"குழாய மாத்தச் சொல்லுங்க" என்றேன்.

"சொல்லிட்டேன் லா. கிராணி பாக்கலாம்னாரு."

அந்தப் 'பாக்கலாம்' ஆறு மாதம் ஓடியது. கடைசியில் நானே ஆபீசுக்குப் போனேன். கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு ரப்பர் குழாய கடையில வாங்குறதா? கேக்கிறவன் சிரிப்பான்."

யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று, ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்திலிருந்து ஒரு ஷீட்டை வரவழைத்து, வெட்டிக் குழாய்மேல் சுற்றிக் கம்பியால் கட்டவைத்தார். அடடா, என்ன மூளை! மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பெட்ரோலில் ஊறப்போட்டுத்தான் எங்கள் லயத்து வீடுகளில் சைக்கிள் டியூபுக்குப் பசையே செய்வோம். பெட்ரோலில் ரப்பர் கரையும் என்பது, நாள் முழுக்க ரப்பரைப் பற்றியே எழுதுகிற மனுஷனுக்கு மட்டும் தெரியவில்லை.

மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் ஒன்றில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, அதே ஷீட்டில் ஒரு துண்டைப் போட்டுவைத்தேன். மறுநாள் கூழாகிக் கிடந்தது. கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன்.

"நாத்தமடிக்குது, எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அந்த வாரம் கிராணியின் மனைவி சிரம்பானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக இருந்தார். பஸ்ஸில் போகப் பயமாம், இரும்புக் காரில்தான் போவாராம். மங்கைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். பட்டுப்புடவையை நிழலில் உதறி விரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க போற காருல குழாய் இப்படித்தான் கரையுது. பத்திக்கிச்சுன்னா உள்ள இருந்து கதவு திறக்காது. பட்டு சீக்கிரம் பத்தும்மா."

"ஐயையோ!" என்று புடவையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் என்ன பூசை நடந்ததோ, கிராணிக்கு விடிவதற்குள் ஞானம் பிறந்துவிட்டது. பகாவ் பட்டறையிலிருந்து பெட்ரோலுக்குத் தாங்கும் புதுக் குழாய் வந்து இறங்கியது. என் வீட்டுக்காரர் உயிருக்கு ஆறு மாதமாகக் கிடைக்காதது ஒரு புடவைக்கு ஒரே நாளில் கிடைத்தது.

அன்று சாயங்காலம் அவர் கழற்றிய குழாயைச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு எடுத்துவந்தார். பிசுக்கை வழித்துவிட்டு வளைத்துப் பார்த்தேன். காய்ந்த குச்சி மாதிரி படக்கென்று ஒடிந்தது.

"இத வச்சிக்கிட்டா ஆறு மாசம் போய் வந்தீங்க?"

"என்ன லா செய்ய? ஓட்டமாட்டேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

கையிலிருந்த குழாய்த் துண்டால் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அந்த முதுகையே கட்டிக்கொண்டு அழுதேன்.