தவிடு குடித்த ரேடியேட்டர்

எழுபதுகளின் கடைசியில் நான் ஆரணியில் ஓர் அரிசி மில்லில் டிரைவராக இருந்தேன். நெல் லாரி ஓட்டுவதுதான் வேலை. முதலாளிக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, ஏலகிரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து நெல் களத்தில் நிறுத்தினார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள், "இன்னாங்க, மேல் மூடி வாங்கக் காசு பத்தலையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முதலாளியும் கூடச் சிரித்தார்.

வண்டி பார்க்கத்தான் லட்சணம். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. பக்கத்திலிருக்கும் சேவூர் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கும். ரேடியேட்டரில் ஊசி முனை அளவுக்கு ஏழெட்டு ஓட்டைகள். ரப்பர் குழாய்கள் வெடித்துக் கிடந்தன. அந்த வண்டிக்கு சாமான் மெட்ராஸிலேயே கிடைக்காது என்று கை விரித்துவிட்டார்கள். அத்தோடு விட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. எனக்குத் தெரியாத வேலை இல்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் மில்லில் ஒரு பழக்கம் இருந்தது. நெல் அவிக்கும் பாய்லரில் எங்காவது கசிந்தால் தவிட்டைக் குழைத்து அப்புவோம். மூடி லூசானால் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இடையில் போட்டு இறுக்குவோம். பாய்லருக்கு ஆகிறது காருக்கு ஆகாதா? இரண்டு பிடி நைஸ் தவிட்டை மஞ்சள் தூளோடு கலந்து ரேடியேட்டரில் கொட்டினேன். சூடு ஏறியதும் தவிடு ஊறி ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. வெடித்த குழாய்களை டியூப் சுற்றிக் கட்டி, ரேடியேட்டர் மூடிக்குக் கீழேயும் டியூப் வளையம் வைத்து இறுக்கினேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். ஓட்டையை அடைத்த தவிடு, தண்ணீர் ஓடி ஆறவேண்டிய மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த வைகாசியில் போளூரில் முதலாளியின் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராகப் போகும் பட்டுப்புடவையை நெய்தவன் என் மனைவியின் தம்பி. அறுந்த இழையை அவன் பிணைத்தால் முடிச்சு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என் மாமியாரும் அவனும் அந்த ஒரு தறியை நம்பித்தான் இருந்தார்கள். முதலாளி வீட்டு வழக்கப்படி சீர்ப்புடவையை நெய்தவனே கொண்டுபோய்த் தர வேண்டும். அவனுக்கு வேட்டி வைத்து அனுப்புவார்கள். முதலாளி முதல் நாளே பெரிய காரில் கிளம்பும்போது, "புடவைய தறியிலர்ந்து அறுத்ததும் அவன சேப்பு வண்டில ஏத்திகினு வா. எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம்தான் புடவை தறியிலிருந்து இறங்கியது. மச்சான் அதை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது போளூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. "மாமா, பஸ்ஸிலயே பூடலாமா?" என்று கேட்டான். "பஸ்ஸுல வேர்வை நாத்தத்துல பட்டுப்புடவையா? சும்மா குந்துடா" என்றேன். என் ஆயுசில் நான் சொன்னவற்றில் இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் பெற முடியுமானால், அதில் ஒன்று இது.

பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டது. வேகத்தைக் குறைத்தேன். கொஞ்ச தூரத்தில் முள் மடமடவென்று கீழே இறங்கியது. காற்று பட்டு ஆறிவிட்டது என்று சந்தோஷமாக வேகத்தைக் கூட்டினேன். ஒரு மைல்கூடப் போகவில்லை. எஞ்சின் திணறியது, முன்பக்கம் புகைந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு, வயலில் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டிலிருந்து ஒரு குடம் இரவல் வாங்கித் தண்ணீர் கொண்டு வந்தேன். மச்சான் புடவையைப் பத்திரமாக இருக்கையில் வைத்துவிட்டு, எஞ்சின் மேலிருக்கும் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜல்தியா ஊத்திட்டு கிளம்பலாம் மாமா. அங்க எல்லாரும் காத்துகினு இருப்பாங்க. ரேடியேட்டர் மூடிய திறக்கட்டுமா?"

நான் எட்டி முள்ளைப் பார்த்தேன். அடியில் படுத்துக் கிடந்தது.

"ஆறிடுச்சிடா. திற."

தோளில் கிடந்த துண்டை மூடிமேல் போட்டுத் திருகினான். நல்ல மூடியாக இருந்தால் முதல் திருகலில் கொஞ்சம் ஆவியை விட்டுவிட்டு நிற்கும். அது பிடித்து நிறுத்தும் காது தேய்ந்த மூடி. டியூப் வளையம் வேறு அத்தனை ஆவியையும் உள்ளேயே அடக்கி வைத்திருந்தது. மூடி எங்கே போனது என்றே தெரியவில்லை. கொதிக்கும் தவிட்டுக் கஞ்சி அவன்மேல் பாய்ந்தது. முகத்தின் ஒரு பக்கம், கழுத்து, வலது கை. தண்ணீராக இருந்தால் வழிந்திருக்கும். அது தவிடும் மஞ்சளுமாகத் தோலில் ஒட்டிக்கொண்டு வெந்தது. கையிலிருந்த குடத்தை அப்படியே அவன்மேல் கவிழ்த்தேன். பம்புசெட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அவன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் ஏறாமல் விட்ட அந்த பஸ்தான் பின்னால் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. போளூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவன் வாயைத் திறந்து சொன்னது ஒன்றுதான். "புடவையக் குடுத்துட்டு வா மாமா."

கொண்டுபோனேன். அதில் ஒரு சொட்டுக் கறை இல்லை. பெண் வீட்டில், "நெய்தவர் வரலீங்களா?" என்று கேட்டார்கள். கல்யாண வீட்டில் இதைச் சொல்வானேன் என்று, "உடம்பு சரியில்லீங்க" என்றேன். முதலாளியைத் தனியாக அழைத்து நடந்ததைச் சொன்னேன். "வண்டி எங்க நிக்கிது?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. காறித் துப்பத் தோன்றியது. ஆனால் நானும்தானே அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதவன்?

பிறகு வேலூரில் ஒரு மெக்கானிக்கிடம் முள் இறங்கியதைக் கேட்டேன். "தண்ணி பட்டாதான்யா முள்ளு சூடு காட்டும். உள்ள தண்ணி எறங்கி ஆவியா நின்னா அது இன்னாத்த காட்டும்? ஏறின முள்ளு திடீர்னு எறங்கினாதான் பயப்படணும்" என்றார். வண்டியை அவர்தான் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். எஞ்சினின் தலைப்பாகம் சூட்டில் விரிசல் விட்டிருந்ததாம்.

மச்சான் மூன்று மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். என் மனைவி முதல் நாள் கட்டில் ஓரத்தில் நின்று, "யார்றா அத திறக்கச் சொன்னது?" என்று அழுதாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "யாரும் சொல்லலக்கா. நானா தான் திறந்தேன்."

நான் அன்று சொல்லியிருக்கலாம். அவன் வலது கை விரல்கள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிப் போயின. தறியில் உட்கார்ந்து பார்த்தான். அறுந்த இழையை எடுக்க வரவில்லை. தறியை விற்றார்கள். எண்பதுகள் முழுக்க அவன் எங்கள் மில் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தான். நான் சொல்லித்தான் அந்த வேலை கிடைத்தது என்று என் மனைவிக்குப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். இடது கையால் ஸ்பூன் பிடித்து அவன் சோற்றை அள்ளும்போதெல்லாம் என் மனைவிக்குப் பொறுக்காது. "உனக்கு இன்னாடா அப்படி அவசரம்? மாமாவ ஒரு வார்த்த கேட்டுட்டுத் திறக்கக் கூடாதா?" என்று திட்டுவாள். அவன், "ஆமாக்கா, தப்புதான்" என்பான். அவன் என் பக்கம் பார்க்க மாட்டான். நான் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருப்பேன்.