இந்திரன் காலில் ஒரு கட்டு

என் மாமா ஒரே ஒரு நாள் தேவேந்திரனாக இருந்தார். அதற்குக் காரணமும் அவரேதான். இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலையை மறித்த வருஷம் அது. மாமாவும் கூட்டாளிகளும் நைனார்பாளையம் போகும் சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம், கூத்தாட வந்த ஜமாவில் இந்திரன் வேஷம் கட்டுகிறவர் பஸ்ஸோடு மாட்டிக்கொண்டார்.

மழையில்லாத வருஷம் வேறு. திரௌபதி அம்மன் கோயிலில் அர்ச்சுனன் தபசு நடத்தினால் மழை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தபசு மரத்தடிக்கு மகனைப் பார்க்க இந்திரன் வருவார். ஊரே அவர் காலில் விழுந்து மழை கேட்கும். வேறு வழியில்லாமல் மாமாவுக்கு அரிதாரம் பூசிக் கிரீடம் கட்டிவிட்டார்கள். மரம் வெட்டும்போது கோடாலி பட்ட காலில் மட்டும் அம்மாவின் பச்சைப் புடவைக் கிழிசல் கட்டாக இருந்தது. எனக்குச் செல்லமான மாமா அன்று அவ்வளவு அழகாக இருந்தார்.

"வேசம் கட்டிட்டா சாமிடி. மாமான்னு கூப்டக் கூடாது" என்றாள் அம்மா.

வெயில் ஏறும் நேரத்தில் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். நேராக அம்மாவிடம், "மரம் வெட்டுன ஒன் தம்பி எங்கம்மா? கால்ல அடியாமே?" என்றார்.

"அவன் மலைமேல கரியாலூருக்குப் போயி ரெண்டு நாளாவுதுங்க" என்று கூசாமல் புளுகினாள் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

போலீஸ்காரருக்கும் எங்கோ நிலம் காய்ந்து கிடந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் இந்திரன் காலில் விழுந்தார். பச்சைக் கட்டுக்குப் பக்கத்தில் குனிந்த தலை எழக் கொஞ்ச நேரமானது. மாமாவின் கிரீடம் நடுங்கியது.

"மழைய குடுங்க சாமி. ஆனா நாலு நாளிக்கி ஊருக்குள்ள எறங்காதீங்க. மேலயே இருங்க. நாளிக்கி பெரிய அதிகாரிங்கல்லாம் வராங்க" என்றார் போலீஸ்காரர்.

எனக்கு வந்ததே கோபம்! குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் மழைச் சாமியை வராதே என்கிறாரே இந்த மனுஷன்! பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், அவர் சைக்கிளில் இரண்டு சக்கரத்துக் காற்றையும் பிடுங்கிவிட்டேன்.

வேஷத்தைக் கூடச் சரியாகக் கலைக்காமல் மாமா கல்வராயன் மலைக்குப் போய்விட்டார். போலீஸ்காரர் அந்த வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அம்மா அந்தத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிடுகிறாள் என்று நானும் எட்டிப் பார்த்தேன். அங்கே சாமி எதுவும் இல்லை. வியர்வையில் நனைந்த ஒரு காக்கிச் சட்டை மட்டும் போய்க்கொண்டிருந்தது.